வேறு நிறுவன சிம்மை ஏற்காத கைப்பேசி: நெட்வொர்க் லாக்கை முறையாக எடுப்பது எப்படி?

#1 கார்முகில்

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணன் வெளிநாட்டில் இருந்தபோது தவணையில் வாங்கிய ஆண்ட்ராய்டு கைப்பேசியைப் போன மாதம் என்னிடம் கொடுத்தார். அவருடைய பழைய சிம் உள்ளே இருந்தவரை ஒரு குறையும் தெரியவில்லை. என் சிம்மைப் போட்டதும் "சிம் நெட்வொர்க் அன்லாக் பின்னை உள்ளிடவும்" என்று ஒரு கட்டம் வந்து நிற்கிறது. வைஃபையில் எல்லாம் ஓடுகிறது, அழைப்பும் மொபைல் டேட்டாவும் மட்டும் இல்லை.

எல்லாப் போனுக்கும் பொருந்தும் என்று எங்கோ எழுதியிருந்த இரண்டு எண்களைப் போட்டுப் பார்த்தேன். இரண்டும் தவறு என்று வந்ததோடு, கட்டத்தின் அடியில் "மீதமுள்ள முயற்சிகள்: 3" என்று காட்டுகிறது. அதற்குப் பிறகு தொடவே பயமாக இருக்கிறது. ஃபேக்டரி ரீசெட் செய்தால் இந்தப் பூட்டு போய்விடுமா? *#06# அடித்தபோது வந்த திரையின் படத்தை இணைத்துள்ளேன், அது உதவுமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பழுதுமேசை

முதலில் அந்தப் படத்தை நீக்கிவிடுங்கள். அதில் ஐஎம்இஐ எண்ணின் 15 இலக்கங்களும் தெளிவாகத் தெரிகின்றன. உலகில் உங்கள் கருவி ஒன்றுக்கே உரிய அடையாள எண் அது. திருட்டுப் போனில் அதை ஏற்றிக்கொள்ள நினைப்பவருக்கு நாமே எடுத்துக் கொடுத்ததுபோல் ஆகும். உங்கள் சேவை நிறுவனத்தைத் தவிர வேறு யாருக்கும் அது தேவையில்லை.

ரீசெட் செய்தால் உங்கள் படங்களும் செயலிகளும் போகும், பூட்டு போகாது. அந்தப் பூட்டு பயனர் தரவு இருக்கும் பகுதியில் இல்லை. கோபுரத்தோடு பேசும் சில்லான மோடம் சார்ந்த, பாதுகாக்கப்பட்ட பகுதியில் இருக்கிறது. எத்தனை முறை தவறாகப் போட்டோம் என்ற கணக்கும் அப்படியே நிற்கும், 3 என்பது மீண்டும் 5 ஆகாது. அது தீர்ந்துவிட்டால், சரியான எண் கிடைத்த பிறகும் போடுவதற்குக் கட்டமே வராத நிலை சில மாடல்களில் உண்டு. சாம்சங் போன்கள் சிலவற்றில் அதைத் திறக்க "அன்ஃப்ரீஸ்" என்று இரண்டாவது எண் ஒன்று வேண்டியிருக்கும். ஆகவே இனி ஊகத்தில் ஒரு எண்ணைக்கூடப் போடாதீர்கள்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அந்த எல்லாப் போனுக்கும் பொருந்தும் எண்ணை நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள். ஒவ்வொரு சிம்மிலும் ஐஎம்எஸ்ஐ என்ற எண் உள்ளது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டையும், அடுத்த இரண்டு அல்லது மூன்று இலக்கங்கள் நிறுவனத்தையும் குறிக்கும். பிரிட்டனுக்கு 234 என்பதுபோல ஒவ்வொரு நாட்டுக்கும் தனி எண் உண்டு. போன் துவங்கும்போது சிம்மிலிருந்து இவற்றைப் படித்து, தன்னுள் எழுதிவைத்த பட்டியலோடு ஒப்பிடும். பொருந்தாவிட்டால் நீங்கள் பார்த்த கட்டத்தைக் காட்டும். திறக்கும் எண் குறைந்தது 8, அதிகபட்சம் 16 இலக்கங்கள் கொண்டது. அது கருவிக்குக் கருவி மாறும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். போன் சோதிப்பது சிம்மை மட்டுமே, கோபுரத்தை அல்ல. அண்ணனின் பழைய சிம் ரோமிங்கில் இங்கே வேலை செய்ததற்குக் காரணம் அதுதான். "நேற்றுவரை ஓடியதே, இன்று எப்படிப் பூட்டிக்கொண்டது" என்று கேட்டுக்கொண்டு என் மேசைக்கு வருபவர்களில் பாதிப் பேருடைய குழப்பம் இதுவே.

#3 செந்தூரம்

முழுப் பணமும் கொடுத்து வாங்கிய பொருளை இன்னொருவர் பூட்டி வைப்பது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வாடிக்கையாளர் விட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காகப் போடும் கால்கட்டு, அவ்வளவுதான். கார்முகில், நீங்கள் நிறுவனத்திடம் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்தால் அன்லாக் எண்ணை மின்னஞ்சலில் அனுப்பும் தளங்கள் எத்தனையோ இருக்கின்றன. பல ஆண்டுகளுக்கு முன் என் பழைய நோக்கியாவை அப்படித்தான், அதுவும் இலவசமாகக் கிடைத்த ஒரு கணிப்பானை வைத்தே, இரண்டு நிமிடத்தில் திறந்தேன்.

#4 அலைவரிசை

செந்தூரம் சொல்லும் நோக்கியாக் கதை உண்மைதான், ஆனால் அந்தக் காலம் போய்விட்டது. அன்றைய நோக்கியா மாடல்கள் பலவற்றில் ஐஎம்இஐ எண்ணையும் நிறுவனத்தின் எண்ணையும் ஒரு சூத்திரத்தில் போட்டால் திறக்கும் எண் வந்துவிடும். அந்தச் சூத்திரம் வெளியே கசிந்ததால்தான் இலவசக் கணிப்பான்கள் முளைத்தன. பிறகு வந்த போன்களில் எண் கணக்கிட்டுப் பெறப்படுவதில்லை. தயாரிப்பாளர் கருவிக்கொரு எண்ணைத் தற்போக்காக உருவாக்கி, அதன் பட்டியலைச் சேவை நிறுவனத்திடம் ஒப்படைக்கிறார். எனவே ஐஎம்இஐ மட்டும் கையில் இருந்தால் எந்த மென்பொருளாலும் அந்த எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது. பட்டியலைப் பார்க்க உரிமையுள்ள ஒருவர் பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

அப்படியானால் காசு வாங்கிக்கொண்டு எண் அனுப்பும் தளங்களுக்கு அது எங்கிருந்து வருகிறது? சில தளங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்துவிடும். சிலவற்றுக்கு முறையான வணிகத் தொடர்பு இருக்கலாம். மீதிக்கு நீதிமன்றம்வரை போன ஒரு எடுத்துக்காட்டு இருக்கிறது. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் அழைப்பு மையப் பணியாளர்களுக்கு 2012 முதல் 2017 வரை லஞ்சம் கொடுத்து, முதலில் அவர்கள் கையாலும், பின்னர் நிறுவனத்தின் கணினிகளில் தீம்பொருளைப் புகுத்தியும் ஏறத்தாழ 19 லட்சம் போன்களின் பூட்டை ஒரு கும்பல் எடுத்தது. நிறுவனத்துக்கு 20 கோடி டாலருக்கு மேல் இழப்பு என்று கணக்கிடப்பட்டது. அதன் தலைவருக்கு 2021 செப்டம்பரில் 12 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. பணம் கொடுத்துத் திறந்துகொண்டவர்களில் பெரும்பாலோருக்கு உள்ளே நடந்தது எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் அப்படித் திறக்கப்பட்டதை நிறுவனம் பின்னால் கண்டுபிடித்தால், போன் மறுபடி பூட்டப்படுவதற்கும், சேவை தர மறுக்கப்படும் போன்களின் கரும்பட்டியலில் சேர்வதற்கும் வாய்ப்பு உண்டு.

சிம்முக்கு அடியில் ஒட்டிவைக்கும் மெல்லிய சில்லுகளையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சிம் சொல்வதை இடைமறித்து, பழைய நிறுவனத்தின் சிம்தான் உள்ளே இருக்கிறது என்று போனை நம்பவைக்கும் வித்தை அது. பூட்டு அப்படியே இருக்கும். அடுத்த மென்பொருள் புதுப்பிப்பில் அந்த வித்தை செல்லாமல் போகும், மறுநாள் காலையில் சிக்னல் இல்லாத போனோடு எழுந்திருப்பீர்கள்.

#5 வழிப்போக்கன்

சட்டம் என்ன சொல்கிறது என்று நாட்டைச் சொல்லாமல் பொதுவாகப் பேச முடியாது. கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் புதிய போன்களைப் பூட்டில்லாமல்தான் விற்க வேண்டும். அதற்கு முன் வாங்கியவற்றையும் கேட்டால் கட்டணமின்றித் திறந்து கொடுக்க வேண்டும். ஜப்பானில் 2021 அக்டோபரிலிருந்தும், பிரிட்டனில் அதே ஆண்டு டிசம்பரிலிருந்தும் பூட்டிய போன்களை விற்பது தடுக்கப்பட்டுள்ளது. அமெரிக்காவில் பூட்டி விற்கலாம். அங்கே ஒரு விசித்திரமும் நடந்தது: பதிப்புரிமைச் சட்டத்தில் பூட்டைத் திறப்பதற்குத் தரப்பட்டிருந்த விலக்கு 2012-இல் கைவிடப்பட்டதால், 2013 ஜனவரி 26-க்குப் பின் வாங்கிய போனை நிறுவனத்தின் ஒப்புதலின்றித் திறப்பது சட்டமீறல் ஆனது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெள்ளை மாளிகைக்கு மனுவில் கையெழுத்திட்டார்கள். 2014 ஆகஸ்ட் 1 அன்று புதிய சட்டத்தில் ஒபாமா கையெழுத்திட்ட பிறகே அந்த உரிமை திரும்பியது.

செந்தூரத்தின் கோபத்தில் பாதியை நான் ஏற்கிறேன். தவணை முடிந்த பின்னும் பூட்டு நீடிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. ஆனால் இந்த இழையில் பேசப்படுவது முழுப் பணமும் கொடுத்து வாங்கிய போன் இல்லையே. தவணையில் கொடுத்த பொருளோடு வாடிக்கையாளர் முதல் மாதமே காணாமல் போனால் நிறுவனத்துக்கு வேறு பிடி கிடையாது. கார்முகில், உங்கள் அண்ணனின் தவணை முழுதும் முடிந்துவிட்டதா? முழு விவகாரமும் அந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

#6 கார்முகில்

படத்தை நீக்கிவிட்டேன், நன்றி பழுதுமேசை ஐயா.

வழிப்போக்கன் கேட்டது சரியான இடத்தில் பட்டது. அண்ணனிடம் கேட்டபோது "அதெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது" என்றார். நிறுவனத்தின் தளத்தில் அவருடைய கணக்கில் நுழைந்து பார்த்தால் கடைசித் தவணை ஒன்று நிலுவையில் இருக்கிறது. ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் வங்கிக் கணக்கை மூடியிருக்கிறார், தானாகக் கழிய வேண்டிய அந்தத் தொகை கழியாமலே நின்றுவிட்டது. நேற்று அதைக் கட்டிவிட்டு, அவர் பெயரிலேயே அன்லாக் விண்ணப்பம் போட்டோம். ஐஎம்இஐ, கணக்கு எண், கணக்கில் உள்ள மின்னஞ்சல் ஆகிய மூன்றை மட்டுமே கேட்டார்கள். நான் என் பெயரில் முதலில் அனுப்பிய விண்ணப்பத்தை "கணக்கு உரிமையாளர் அல்ல" என்று ஒரே வரியில் நிராகரித்திருந்தார்கள் என்பதையும் மற்றவர்களுக்கு உதவும் என்று குறித்துவைக்கிறேன்.

#7 எழில்நிலா

இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இதே நிலையில் ஒரு ஐபோன் இருக்கிறது, ஆனால் அதில் எண் போடும் கட்டமே வரவில்லை, "சிம் ஆதரிக்கப்படவில்லை" என்று மட்டும் வருகிறது. எண் கிடைத்தாலும் எங்கே போடுவது? ஆப்பிள் நிறுவனத்திடமே கேட்டால் திறந்து கொடுப்பார்களா?

#8 பழுதுமேசை

தாராளமாகக் கேளுங்கள் அம்மா, இதே இழையில் இருப்பதுதான் நல்லது.

ஐபோனில் எண் என்பதே கிடையாது. எந்தக் கருவி எந்த நிறுவனத்துக்குக் கட்டுப்பட்டது என்ற பதிவு ஆப்பிளின் செயலாக்கச் சேவையகத்தில் இருக்கிறது. அந்தப் பதிவை மாற்றச் சொல்லும் உரிமை சேவை நிறுவனத்துக்கு மட்டுமே உண்டு. ஆப்பிளின் கடைக்குப் போனாலும் நிறுவனத்திடம்தான் திருப்பி அனுப்புவார்கள். நிறுவனம் ஒப்புதல் தந்த பிறகு வேறு சிம்மைப் போட்டு இணையத்தில் இணைத்தால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். வேறு சிம் கையில் இல்லாதவர்கள் காப்புப்பிரதி எடுத்துக்கொண்டு, போனை முழுதாக அழித்து மீட்டமைக்க வேண்டும். அமைப்புகளில் "பொது", அதனுள் "அறிமுகம்" என்ற பக்கத்தின் கீழ்ப்பகுதியில் கேரியர் லாக் என்ற வரி இருக்கும். சிம் கட்டுப்பாடுகள் இல்லை என்று அங்கே வந்தால் பூட்டு போய்விட்டது. பழைய போன் வாங்கப் போகிறவர்கள் பணத்தைக் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டிய வரியும் அதுவே.

அதே பூட்டை 2007 ஆகஸ்டில், முதல் ஐபோன் வந்து இரண்டு மாதத்திலேயே, ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற 17 வயது அமெரிக்கப் பையன் சாலிடரிங் இரும்பை வைத்துத் திறந்தான். திறந்த போனை ஒரு நிசான் காருக்கும் மூன்று புதிய ஐபோன்களுக்கும் மாற்றிக்கொண்டான். எனக்கு இரும்பு பிடிக்கத் தெரியும், கார்தான் இன்னும் வரவில்லை.

இதோடு ஆக்டிவேஷன் லாக்கைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கைக் கேட்டு நிற்கும் பூட்டு அது. சேவை நிறுவனத்தால் அதை எடுக்க முடியாது. ஆண்ட்ராய்டில் ரீசெட்டுக்குப் பின் பழைய கூகுள் கணக்கைக் கேட்பதும் அந்த இனம்தான்.

#9 செந்தூரம்

நிறுவனம் மறுத்தால் என்ன வழி என்பதை யாரும் சொல்லவில்லையே. ஐஎம்இஐ எண்ணையே மாற்றிவிட்டால் பூட்டும் போய்விடும் என்று ஒருவர் சொல்லக் கேட்டேன்.

#10 அலைவரிசை

அந்த வழியில் போகாதீர்கள். ஐஎம்இஐ எண்ணை மாற்றுவது பல நாடுகளில் தனிக் குற்றம். பிரிட்டனில் அதற்கென்றே 2002-இல் சட்டம் இயற்றினார்கள். மாற்றினாலும் பயனில்லை: பூட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது சிம்மின் எண்ணை; ஐஎம்இஐ அந்த ஒப்பீட்டில் வருவதே இல்லை. கரும்பட்டியலில் உள்ள திருட்டுப் போனை விற்பவர்களுக்குத்தான் அது தேவைப்படும்.

மறுக்கப்பட்டவர்களுக்கு நேர்வழி ஒன்று உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. சொந்தக் கோபுரங்கள் இல்லாமல் பெரிய நிறுவனத்தின் வலையமைப்பில் ஓடும் சிறு நிறுவனங்கள் பல நாடுகளில் இருக்கின்றன. அவற்றின் சிம்மில் பெரும்பாலும் பெரிய நிறுவனத்தின் எண்ணே இருப்பதால், பெரிய நிறுவனத்துக்குப் பூட்டிய போன் அந்தச் சிம்மை ஏற்றுக்கொள்ளும். ஆனால் சிறு நிறுவனமே பூட்டி விற்ற போனில் இது தலைகீழாகும். அங்கே சிம்மில் உள்ள குழு அடையாளத்தையும் சேர்த்துச் சோதிப்பார்கள், பெரிய நிறுவனத்தின் சிம்மைப் போட்டால்கூட மறுத்துவிடும்.

#11 கார்முகில்

விண்ணப்பித்த மூன்றாம் நாள் எண் மின்னஞ்சலில் வந்தது. அண்ணன் வாசிக்க, நான் ஒவ்வொரு இலக்கமாகப் போட்டு, சரி என்பதை அழுத்துவதற்கு முன் இருவரும் இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்தோம். "நெட்வொர்க் அன்லாக் வெற்றி" என்று வந்தபோது உண்மையிலேயே வியர்த்திருந்தது.

ஆனால் சிக்கல் முடியவில்லை. என் சிம்மில் 4ஜி டேட்டா வேகமாக வருகிறது, குறுஞ்செய்தியும் வருகிறது. யாரையாவது அழைத்தால் 4ஜி என்ற குறி மறைந்து, சில நொடிகள் வெறுமையாக நின்று, "மொபைல் நெட்வொர்க் கிடைக்கவில்லை" என்று துண்டிக்கிறது. பூட்டு பாதிதான் திறந்ததோ?

#12 அலைவரிசை

பூட்டு முழுதாகத் திறந்துவிட்டது. பாதி திறப்பது என்று ஒன்று இல்லை. இப்போது நீங்கள் முட்டுவது வேறு சுவர். அன்லாக் பற்றிய அறிவுரைகளில் இதைச் சொல்லாமல் விடுவதுதான் பெரிய குறை என்பது என் எண்ணம்.

4ஜி வலையமைப்பு டேட்டாவுக்காக உருவானது. அதன் வழியே குரல் அழைப்பு போக வேண்டுமானால் வோல்ட்இ என்ற ஏற்பாடு போனிலும் நிறுவனத்திலும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் போன் அழைப்பு நேரத்தில் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கும். உங்கள் நிறுவனம் அந்தப் பழைய வலையமைப்புகளை மூடிவிட்டிருந்தால் இறங்குவதற்குப் படியே இல்லை. குறி மறைந்து வெறுமையாக நிற்கும் அந்தச் சில நொடிகளில் போன் படியைத் தேடிக்கொண்டிருக்கிறது. போன் விற்ற நிறுவனம் தன் வோல்ட்இ அமைப்பை மட்டும் மென்பொருளில் ஏற்றியிருக்கும், உங்கள் நிறுவனத்துக்கான அமைப்பு அதில் இருக்காது. அன்லாக் எண் அதைக் கொண்டுவந்து தராது.

ஒரு சோதனை செய்யுங்கள். *#*#4636#*#* என்று அடித்தால் பல ஆண்ட்ராய்டு போன்களில் ஒரு சோதனைப் பக்கம் திறக்கும். அதில் போன் தகவலுக்குள் ஐஎம்எஸ் நிலை என்ற பகுதியைப் பாருங்கள்; வோல்ட்இ அழைப்புகளைக் கையாளும் அமைப்புதான் ஐஎம்எஸ். பதிவாகவில்லை என்று இருந்தால் நான் சொல்வது சரி. வைஃபை அழைப்பும் அதே ஐஎம்எஸ் வழியே போவதால் அதுவும் கைகொடுக்காது. சிம்மைப் போட்ட நிலையிலேயே மென்பொருளைப் புதுப்பித்து, ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். அதற்கும் பதிவாகாவிட்டால் 2ஜி அல்லது 3ஜி இன்னும் ஓடும் வேறொரு நிறுவனத்தின் சிம்தான் வழி. இதைச் சிறு தொல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் 28 முதல் 3ஜி மூடப்பட்டபோது, அவசர எண்ணுக்கு 4ஜி வழியே அழைக்க முடியாத போன்களை வலையமைப்பிலிருந்தே தடுத்தார்கள். பூட்டே இல்லாத போன்களும் அதில் மாட்டின.

அலைவரிசைப் பொருத்தம் உங்களுக்குச் சிக்கலாக இல்லை, டேட்டா வருகிறதே. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: 2012-இல் வந்த ஐபோன் 5-இன் ஏ1428 மாடலில் 1800 மெகாஹெர்ட்ஸ் 4ஜி இல்லை, அதே ஆண்டு பிரிட்டனில் 4ஜி துவங்கியதோ 1800-இல். பூட்டைத் திறந்து அங்கே கொண்டுபோனவர்களுக்கு 3ஜிதான் கிடைத்தது. அமைப்புகளில் உள்ள மாடல் எண்ணை எடுத்து, தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடல் ஏற்கும் பேண்டுகளை, அதாவது அலைவரிசைகளை, பார்த்துவிட்டு அன்லாக் வேலையில் இறங்குவது நல்லது.

#13 வழிப்போக்கன்

அலைவரிசை சொன்னதோடு ஒன்று: உங்கள் நிறுவனத்திடம் அவர்கள் வோல்ட்இ அனுமதிக்கும் மாடல்களின் பட்டியலைக் கேளுங்கள். சில நிறுவனங்கள் தங்கள் பட்டியலில் இல்லாத மாடலுக்கு, போனில் வசதி இருந்தாலும், கதவைத் திறப்பதில்லை. செந்தூரம், உங்கள் கோபத்தை அந்தப் பட்டியல்மேல் காட்டினால் நானும் கூட வருகிறேன்.

#14 கார்முகில்

ஐஎம்எஸ் நிலை "பதிவு செய்யப்படவில்லை" என்றே இருந்தது. மென்பொருளைப் புதுப்பித்தேன், இருமுறை அணைத்துப் போட்டேன், மாறவில்லை. நிறுவனத்தின் பட்டியலில் இதே போனின் உலகச் சந்தை மாடல் இருக்கிறது, கடைசி எழுத்து மட்டும் வேறாக உள்ள என் மாடல் இல்லை.

நேற்று மாலை வீட்டில் சும்மா கிடந்த வேறொரு நிறுவனத்தின் சிம்மைப் போட்டு அண்ணனை அழைத்தேன். மணி அடிக்கும்போது மேலே இருந்த 4ஜி குறி 2ஜி ஆனது, அவர் குரல் தெளிவாகக் கேட்டது. அழைப்பு ஓடும்வரை இணையம் நின்றது. வைத்த சில நொடிகளில் 4ஜி திரும்பிவிட்டது. இப்போதைக்கு எண்ணை அந்த நிறுவனத்துக்கு மாற்ற விண்ணப்பித்திருக்கிறேன். அண்ணனின் பழைய சிம்மை அன்லாக் எண் எழுதிய தாளோடு சேர்த்து ஒரு உறையில் போட்டுவைத்துள்ளேன்.